பழவேற்காட்டுக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டாகக் கிளம்பும் அன்பர்களே,

அடுக்ககத்துக் குடும்பங்கள், அலுவலக நண்பர்கள், கேமராவும் கையுமாக அலையும் கல்லூரி மாணவர்கள், விடியுமுன் சைக்கிள் மிதிக்கும் குழுவினர் என்று உங்களில் பல வகை. மாமல்லபுரம் பலமுறை பார்த்தாகிவிட்டது, கிழக்குக் கடற்கரைச் சாலையின் நெரிசல் சலித்துவிட்டது. காலையில் போய் இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேறு ஊர் எது என்று தேடும்போது பழவேற்காடு கண்ணில் படுகிறது. நகரத்துக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல், நடுவே பழைய ஊர், குளிர்காலத்தில் பூநாரைகள், மதியச் சாப்பாட்டுக்கு நண்டும் இறாலும்.

போய் வாருங்கள். அந்த ஊர் ஒரு முழு நாளுக்குத் தகுதியானது. எப்படிப் போகலாம், எதை நின்று பார்க்கலாம், எதைச் செய்யக்கூடாது என்று சொல்லத்தான் இம்மடல். இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. பழவேற்காடு இன்றிருப்பதுபோல் நாளையும் இருக்குமா என்பது பெரும்பாலும் நம் நகரத்தின் தேவைகளைப் பொறுத்தே தீர்மானமாகிறது. அதனால் அங்கே போகும் நமக்கு ஒரு கடமையும் சேர்ந்துவிடுகிறது.

முதலில் பயணம். காரிலும் வேனிலும் போகலாம்தான். ஆனால் ஒருமுறையாவது ரயிலில் போங்கள். சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டி பக்கம் போகும் மின்சார ரயிலில் ஏறி, பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்து பிடிக்கலாம். சிக்கனம் மட்டும் காரணமில்லை. ரயிலின் கிழக்குப் பக்க ஜன்னல், போகும் ஊரைப் புரிந்துகொள்ள நம்மைத் தயார்செய்கிறது.

திருவொற்றியூர், கத்திவாக்கம், எண்ணூர் என்று நிலையங்கள் கடந்து போகும். எண்ணூரைத் தாண்டியதும் கொசஸ்தலை ஆற்றுப் பாலம் வரும். வானத்தில் அனல் மின் நிலையங்களின் புகைபோக்கிகள் நிற்கும். 2001-இல் தொடங்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகமும் இந்தக் கழிமுகத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நம் வீட்டு மின்விசிறி சுழல்வதற்காக எரித்த நிலக்கரியின் சாம்பல் படிந்த நீர்நிலைகள் இங்கே உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்தபோது இந்த ஆற்றின் படகுகளும் வலைகளும் வீட்டுச் சுவர்களும் கறுத்துப்போனதைச் செய்திகளில் பார்த்தோம்.

இந்த எண்ணூர்தான் ஒரு காலத்தில் மதராஸ்வாசிகளின் உல்லாச ஊர். வெள்ளைக்காரர்களும் வசதியான உள்ளூர்க் குடும்பங்களும் ஓய்வெடுக்க, காற்று வாங்க, கழிமுகத்தில் படகோட்ட எண்ணூருக்குத்தான் போனார்கள். அதாவது, நகரத்துக்கு வடக்கே நீரோரம் ஒரு அழகான ஊர் நமக்கு ஏற்கெனவே இருந்தது. அதை ஒரே நாளில் யாரும் பறித்துக்கொள்ளவில்லை. ஒரு தொழிற்சாலை, ஒரு மின் நிலையம், ஒரு சாம்பல் குட்டை, ஒரு துறைமுகம் என்று ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் சொல்லப்பட்டது. எல்லாம் சேர்ந்தபோது அங்கே சுற்றுலா போவாரும் இல்லை, மீனவருக்கு முன்போல மீனும் இல்லை. கொசஸ்தலைப் பாலத்தைக் கடக்கும் அந்தச் சில நிமிடங்கள் கைபேசியை ஓரமாக வைத்துவிட்டு வெளியே பாருங்கள். பழவேற்காட்டைப் பார்க்கும் கண் உங்களுக்கு அங்கேயே கிடைத்துவிடும்.

பொன்னேரியிலிருந்து வயலும் பனையும் கடந்து ஊருக்குள் நுழைந்ததும் நேரே ஏரிக்கரைக்குப் போங்கள். வெயில் ஏறுமுன் போய்விட்டால் இரவு பிடித்த மீன் கரையேறி ஏலம் போவதைப் பார்க்கலாம். மடவை, கிழங்கான், கொடுவா, இறால், கால் கட்டிய பச்சை நண்டு எல்லாம் கூடைகூடையாக வரும். விலை சொல்லும் குரலின் வேகத்துக்கு நம் காது பழகச் சற்று நேரமாகும். ஓரமாக நின்று பாருங்கள். பாதையை மறிக்காதீர்கள். ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானம் அந்தச் சில நிமிடங்களில் முடிவாகிறது. முகத்துக்கு அருகே கேமராவை நீட்டுமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். ‘எடுத்துக்கோப்பா’ என்று சொல்பவர்கள் இருப்பார்கள், வேண்டாமென்று கையசைப்பவர்களும் இருப்பார்கள். இரண்டையும் மதியுங்கள்.

இனி இந்த ஏரியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரின் உயிர் அதில்தான் இருக்கிறது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. இதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்கு முனையும் கடலோடு கலக்கும் முக்கிய முகத்துவாரமும் நம் பக்கம். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஒரு நீண்ட மணல் திட்டு கிடக்கிறது. நாம் ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா அந்தத் திட்டின் ஒரு பகுதிதான். ராக்கெட் கிளம்பும் நாட்களில் அந்தக் கடற்பகுதிக்கு மீன்பிடிக்கப் போகக்கூடாது என்று இங்குள்ள மீனவர்களுக்கு அறிவிப்பு வரும். நாம் கைதட்டிப் பார்க்கும் ஒவ்வொரு ஏவுதல் நாளன்றும் இவர்களுக்குத் தொழில் முடக்கம்.

கண்ணுக்குக் கடல்போல் விரிந்தாலும் ஏரியின் சராசரி ஆழம் சுமார் ஒரு மீட்டர்தான். தெற்கே ஆரணி ஆறும் வடக்கே காளங்கியும் சுவர்ணமுகியும் நன்னீர் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல் ஏற்றத்தில் உப்புநீர் உள்ளே வருகிறது, வற்றத்தில் வெளியேறுகிறது. மழைக்காலத்தில் உப்பு குறையும், கோடையில் கடலையே மிஞ்சும் அளவுக்கு ஏறும். இறால் முட்டையிடுவது கடலில். அதன் குஞ்சுகள் ஏற்றத்தோடு ஏரிக்குள் வந்து, ஆழமில்லாத இளஞ்சூட்டு நீரில் தின்று வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகின்றன. ஆகவே முகத்துவாரம் மணல் மூடிப்போனால் ஏரிக்கு மூச்சடைக்கிறது. கடல்நீர் வராது, குஞ்சுகள் வராது, படகுகள் கடலுக்குப் போகவும் வழியிருக்காது. கோடையில் இப்படி அடைபடுவதும், மழை வெள்ளமோ மீனவர்கள் சேர்ந்து தோண்டுவதோ அதைத் திறப்பதும் இங்கே பழகிப்போன கதை. நீங்கள் தட்டில் சாப்பிடும் இறாலின் பின்னால் இத்தனை நீரோட்டக் கணக்கு இருக்கிறது.

ஏரியில் யார் வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் வலை போட்டுவிட முடியாது. பட்டினவர் என்னும் மீனவர் சமூகத்தின் குப்பங்களில் தலைமுறை தலைமுறையாக ‘பாடு’ என்ற முறை இருக்கிறது. இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்களில் எந்நாள் யார் வலை கட்டுவது என்று ஊர்கூடி முறை வைத்துக்கொள்வார்கள். நல்ல இடம் எப்போதும் ஒருவரிடமே இருக்காது, சுற்றிச் சுற்றி வரும். ஏரியை ஒரேயடியாக அரித்து எடுத்துவிடாமல் காத்தது பெரிதும் இந்தக் கட்டுப்பாடுதான். எனினும் இதற்குள் இடமில்லாதவர்களும் உண்டு. இருளர் பழங்குடியினரும் தலித் மக்களும் இந்த முறைக்கு வெளியே நின்று, முட்டளவு, இடுப்பளவு நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். ஏரியை யார் எப்படிப் பகிர்ந்துகொள்வது என்பதில் பழைய மனக்கசப்புகளும் சண்டைகளும் இங்கே உண்டு. கழுத்தில் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு நீரில் குனிந்து நிற்கும் பெண்களைப் பார்த்தால், அழகான காட்சி என்று படமெடுப்பதோடு விட்டுவிடாதீர்கள். மணிக்கணக்கில் உப்புநீரில் நின்று செய்யும் பிழைப்பு அது.

ஏரிக்கரையிலிருந்து ஊருக்குள் திரும்பினால் பல நூற்றாண்டு வரலாறு நடந்து போகும் தூரத்திலேயே கிடக்கிறது. போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டிலேயே இங்கே வந்துவிட்டார்கள். மகிமை மாதா தேவாலயத்தின் தொடக்கம் அவர்கள் காலத்தைச் சேர்ந்தது. அடுத்து டச்சுக்காரர்கள் வந்து 1613-இல் கெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் டச்சு வணிகத்தின் தலைநகரம் இதுதான். ஆங்கிலேயர் மதராஸில் கால்வைத்தது 1639-இல். அவர்கள் வருமுன்பே பழவேற்காட்டில் நாணயம் அச்சிட்டார்கள், வெடிமருந்து செய்தார்கள், கப்பல் கப்பலாகத் துணி ஏற்றினார்கள். ஆங்கிலேயரின் மதராஸைவிட மூத்த ஊர் அது. நாம் இளையவர்கள்.

துணிதான் அந்த வணிகத்தின் அச்சாணி. கிழக்கிந்தியத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் விளைவித்தவர்கள் அதற்கு ஈடாகச் சோழமண்டலத்துத் துணியை விரும்பிக் கேட்டார்கள். அதனால் மசாலா வேண்டுமென்றால் முதலில் இங்கே நெசவாளரிடம் துணி வாங்க வேண்டியிருந்தது. மலேசியாவில் ஆண்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலியை இன்றும் இந்த ஊரின் பெயரால்தான் அழைக்கிறார்கள். ஆனால் கப்பலில் ஏறியது துணி மட்டுமல்ல. பஞ்சம் வந்த ஆண்டுகளில் விற்கப்பட்ட, பிடிக்கப்பட்ட மனிதர்களை டச்சுக்காரர்கள் அடிமைகளாக இந்தத் துறையிலிருந்து பத்தேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) ஏற்றிப்போனார்கள். அவர்களில் யாருடைய பெயரும் இந்த ஊரில் ஒரு கல்லிலும் இல்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. நுழைவாயிலின் இருபுறமும் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள், உள்ளே வருகிறவருக்கு மரணத்தை நினைவூட்ட. உள்ளே கருங்கல் பலகைகளில் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இறந்தவர்களின் பெயரும் குடும்பச் சின்னமும் பூவேலையோடு பொறிக்கப்பட்டிருக்கின்றன. எழுத்தின் நறுவிசை அருகே போய்ப் பார்த்தால்தான் தெரியும். விரலால் தடவ ஆசை வரும். தடவாதீர்கள். கல்லறைமேல் உட்கார்ந்து படமெடுக்கவும் வேண்டாம். எவ்வளவு பழையதாக இருந்தாலும் அது இறந்தவர்களின் இடம்.

கோட்டையைத் தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம் வரலாம். பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்கு வந்தபின் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை இடித்துவிட்டார்கள். புதர் மூடிய மேடும் அகழியின் தடமும்தான் மிச்சம். எனினும் அங்கே சிறிது நேரம் நில்லுங்கள். இந்தக் கரையின் வணிகத்தையே ஆட்டிவைத்த ஒரு கம்பெனியின் கோட்டை கருவேலங்காடாகிக் கிடக்கிறது. பக்கத்தில் மீனவர் குப்பங்கள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. ஏரியை நம்பியவர்கள்தான் நிலைத்திருக்கிறார்கள்.

ஆதிநாராயணப் பெருமாள் கோயிலைத் தவறவிடாதீர்கள். செம்புரைக்கல்லால் எழுப்பிய பழங்கோயில். அதன் சுவர்களிலும் தூண்களிலும் சின்னஞ்சிறு ராமாயணச் சிற்பங்கள் உண்டு. கூர்ந்து பார்க்கப் பொறுமை வேண்டும், குழந்தைகளிடம் விட்டால் அவர்களே முதலில் கண்டுபிடிப்பார்கள். ஊரின் தமிழ் முஸ்லிம்கள் கடல்வணிகத்தில் நெடுங்காலம் ஈடுபட்டவர்கள். பள்ளிவாசல் ஒன்றில் நிழலைக் கொண்டு தொழுகை நேரம் கணிக்கும் நிழற்கடிகாரம் இருக்கிறது. அனுமதி கேட்டு, தொழுகை இல்லாத நேரத்தில் பாருங்கள். பெருமாள் கோயில், பள்ளிவாசல், மாதா கோயில் மூன்றையும் ஒரே காலைப்பொழுதில் நடந்தே பார்த்துவிடலாம். நூற்றாண்டுகளாக அடுத்தடுத்து இருந்து பழகியவர்களின் ஊர் இது.

முஸ்லிம் குடும்பங்களின் பெண்கள் பனை ஓலையில் பெட்டியும் கூடையும் முடைகிறார்கள். சாயமேற்றிய ஓலையை நுணுக்கமாகப் பின்னி, மூடியோடு கூடிய சிறு பெட்டிகள் செய்வார்கள். ஊரில் விசாரித்து அவர்களிடமே நேராக வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள். நகரத்துக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தால் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருகிறோம். பின்னியவரின் கையிலிருந்து வாங்கும்போது மட்டும் ஏன் இருபது ரூபாய் குறைக்கப் பார்க்க வேண்டும்? அடுக்ககத்தில் கொலு வைக்கிறவர்கள், திருமணத்துக்குத் தாம்பூலம் கொடுக்கிறவர்கள் முன்கூட்டியே சொல்லி மொத்தமாக வாங்கினால் அந்தப் பெண்களுக்குப் பல நாள் வேலை கிடைக்கும்.

மதியச் சாப்பாட்டைச் சென்னையிலிருந்து பொட்டலமாகக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். ஊரில் இருக்கும் சிறு சாப்பாட்டுக் கடைகளில் சோறும் மீன்குழம்பும் சாப்பிடுங்கள். பெரிய குழுவென்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், சமைப்பவர்களுக்கும் வசதி. நீங்கள் செலவழிக்கும் பணம் அந்த ஊரிலேயே தங்க வேண்டும். அப்படித் தங்கினால்தான் உங்கள் வருகையால் ஊருக்கு நன்மை.

அடுத்து நான் சொல்லப்போவதைக் குழுவை அழைத்துப் போகிறவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். சென்னையிலிருந்து உங்களைப்போலவே மகிழ்ச்சியாகக் கிளம்பி வந்த குடும்பத்தினர் ஏறிய படகு இங்கே கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். உயிர்காப்பு உடை இல்லை. மீன்பிடிப் படகில் அளவுக்கு மீறி ஆட்கள் ஏறியிருந்தார்கள். அதற்குப்பின் சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றக்கூடாது என்று தடை விதித்தார்கள். தடை இருந்தாலும் கரையில் ‘படகு வேணுமா சார்’ என்று யாராவது கேட்கக்கூடும். அந்த அழைப்புக்குக் காரணம் அவருடைய வறுமை. அதற்கு நாம் உயிரை விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை.

ஏரியின் உட்புறம் ஆழம் குறைவு என்பதைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். முகத்துவாரத்தில் ஏற்றமும் வற்றமும் மோதும் இடத்தில் நீரோட்டம் கடுமை, மணல் திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். அனுபவமுள்ள மீனவரே அங்கே எச்சரிக்கையோடுதான் படகைச் செலுத்துவார். அரசின் அனுமதியும், ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு உடையும் இல்லையென்றால் எந்தப் படகிலும் ஏறாதீர்கள். ஒருவர் ஆசைப்பட்டு மற்றவர்களை வற்புறுத்தும்போது ‘வேண்டாம்’ என்று சொல்லும் பொறுப்பு குழுத் தலைவருக்கு உண்டு. முகத்துவாரத்தருகே கடலில் இறங்கிக் குளிப்பதும் அதே அளவு ஆபத்து. குடித்துவிட்டு நீரில் இறங்குவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஏரியைப் பார்க்கக் கரையே போதும். ஊரிலிருந்து கலங்கரை விளக்கம் இருக்கும் பக்கம் போகப் பாலம் இருக்கிறது. அதில் நின்றால் ஏரியின் விரிவும் வரிசை கட்டி நிற்கும் படகுகளும் முழுமையாகத் தெரியும்.

பறவைகளுக்காக வருகிறவர்கள் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் வாருங்கள். பூநாரை, கூழைக்கடா, ஆலா, பலவகை உள்ளான்கள் அப்போது கூட்டமாக இருக்கும். ஊருக்குள்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. மேற்குக் கரையில் அண்ணாமலைச்சேரி பக்கம் அதிகாலையில் போனால் பூநாரைக் கூட்டம் கண்ணுக்கு அகப்படும். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்து, சேற்றுநீரை உறிஞ்சி வடிகட்டி நுண்ணுயிர்களைத் தின்னும். நாள் முழுக்கத் தின்றால்தான் அதற்குக் கட்டுப்படியாகும். பறக்கும்போது இறகின் செந்நிறம் விரிவது அழகு என்பதற்காகக் கல்லெறிந்து, கூச்சலிட்டு, டிரோன் விட்டு எழுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறை எழும்பும்போதும் அது தின்று சேர்த்த வலு வீணாகிறது. திரும்பத் திரும்பக் கலைத்தால் அந்த இடத்தையே விட்டுப் போய்விடும். தமிழ்நாட்டுப் பகுதி 1980-இலிருந்தே பறவைகள் சரணாலயம். தொலைநோக்கி ஒன்றைக் குழுவாகச் சேர்ந்து எடுத்துப்போங்கள். தூரத்திலிருந்து பார்த்தால்தான் பறவை அதன் இயல்பில் இருக்கும்.

கொண்டுபோன தண்ணீர் பாட்டில், நொறுக்குத் தீனி உறை, காகிதத் தட்டு எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். ஏரிக்கரையில் போட்டது வலையில் வந்து மாட்டும். வலையைப் பிரித்து அதை எடுக்க வேண்டியவர் நமக்காக இரவெல்லாம் மீன் பிடித்தவர். உடைந்த மதுப்பாட்டில், வெறுங்காலோடு நீரில் நடந்து இறால் தேடும் பெண்ணின் பாதத்தைக் கிழிக்கும்.

இதுவரை சொன்னது ஒரு நாள் பயணத்தின் ஒழுக்கம். அதற்கு மேலும் ஒன்று உண்டு என்று தொடக்கத்தில் சொன்னேன்.

எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவே காட்டுப்பள்ளியில் ஒரு துறைமுகம் இருக்கிறது. 330 ஏக்கரில் இருக்கும் அதை 6,000 ஏக்கருக்கு மேல் விரிவாக்கும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. கடலைத் தூர்த்து நிலமாக்குவதும் அதில் அடக்கம். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. குறுக்கே கல்லணை போட்டால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். மதராஸ் துறைமுகம் கட்டியதும் அதற்குத் தெற்கே மெரினாவில் மணல் குவிந்ததும், வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊரைத் தின்றதும் இந்த விதியால்தான். காட்டுப்பள்ளிக்கு வடக்கே இருப்பது பழவேற்காடு. ஏரியையும் கடலையும் பிரிக்கும் மணல் திட்டு மெல்லியது. அது அரித்துப்போனால் ஏரி ஏரியாக இருக்காது என்பதுதான் இங்குள்ள மீனவர்களின் அச்சம். அவர்கள் வருடக்கணக்கில் இதைச் சொல்லிவருகிறார்கள். ஊர்வலம் போயிருக்கிறார்கள், மனு கொடுத்திருக்கிறார்கள்.

துறைமுகமே வேண்டாமா, வேலைவாய்ப்பு வேண்டாமா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நகரத்துக்குச் சரக்கும் மின்சாரமும் வேண்டும்தான். ஆனால் அவற்றின் விலையை எப்போதும் ஒரே திசையில் இருக்கும் ஒரே மக்கள் மட்டும் கொடுக்க வேண்டுமா என்பதும் நியாயமான கேள்விதான். தெற்கே கடற்கரையில் உல்லாச விடுதிகளும் பூங்காக்களும் அமைத்துக்கொண்டோம். புகையும் சாம்பலும் நிலக்கரியும் வடக்கே போயின. எண்ணூர் நம் கண்முன்னே மாறியபோது அங்கே போய்வருகிறவர்களாகவும் அந்த ஊரை நேசித்தவர்களாகவும் பேச நகரத்தில் ஆட்கள் போதவில்லை. மீனவர்கள் தனியாகப் பேசினார்கள். தனியாகப் பேசியவர்களின் குரல் கோப்புகளுக்குள் மங்கிப்போயிற்று.

பழவேற்காட்டுக்கு அப்படி நேரக்கூடாது. அதற்கு உங்களால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இத்தகைய திட்டங்களுக்கு அனுமதி கொடுக்குமுன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கையின் விதி. குறைந்தது 30 நாள் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும். திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். நேரில் போகாதவர்களும் அக்கறையும் தொடர்பும் உள்ளவர்களாக எழுத்தில் கருத்து அனுப்பலாம். ஏரியைப் பார்த்தவர், முகத்துவாரம் ஏன் முக்கியம் என்று தெரிந்தவர், அந்த இறாலைச் சாப்பிட்டவர், ஓலைப்பெட்டி வாங்கியவர் எழுதும் கடிதத்துக்கு எடை இருக்கும். உங்கள் குழுக்களில் பொறியாளர்கள் இருக்கிறீர்கள், வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள், ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். நூற்றுக்கணக்கான பக்கங்கள் உள்ள ஆங்கில அறிக்கையைப் படித்து, அதில் ஏரியைப் பற்றி என்ன சொல்கிறார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்று குப்பத்து மக்களுக்கு எளிய தமிழில் எடுத்துச் சொல்ல உங்களால் முடியும். சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் தேர்தல் நேரத்தில் கேட்க உங்களால் முடியும். சென்னை வாக்காளர் பழவேற்காட்டைப் பற்றிக் கேள்வி கேட்டால் அதன் அர்த்தமே வேறு.

இதற்காக ஒவ்வொரு பயணமும் போராட்டமாக வேண்டியதில்லை. குழந்தைகள் மணலில் ஓடட்டும், பெரியவர்கள் நண்டை நிதானமாக உடைத்துச் சாப்பிடட்டும், கேமராக்காரர்கள் நல்ல வெளிச்சத்துக்குக் காத்திருக்கட்டும். மகிழ்ச்சியாகப் போய்வந்த ஊரைத்தான் மனிதர்கள் காப்பாற்றுவார்கள். பார்க்காத ஊருக்காக யாரும் கடிதம் எழுதுவதில்லை. அதனால்தான் உங்களைப் போகச் சொல்கிறேன், மீண்டும் மீண்டும் போகச் சொல்கிறேன். ஒரே ஒருமுறை போய்ப் படமெடுத்துவிட்டு அடுத்த ஊரைத் தேடாமல், மழைக்குப் பின் ஒருமுறை, கோடையில் ஒருமுறை, பறவைகள் வரும்போது ஒருமுறை என்று போங்கள். ஏரியின் நீர் ஏறுவதும் இறங்குவதும் தெரியும். ஏலக்கரையில் உங்களை அடையாளம் கண்டு ‘வாங்க’ என்பார்கள். அந்தப் பழக்கம் வந்தபிறகு அந்த ஊருக்கு வரும் துன்பம் உங்களுக்கும் செய்தியாக மட்டும் இருக்காது.

அடுத்த கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கான அறிவிப்பு வந்தால், அந்த வாரத்துச் சுற்றுலாவை அந்தக் கூட்டத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள். குப்பத்து மக்களோடு நீங்களும் போய் உட்காருங்கள். எண்ணூருக்காக நாம் செய்யத் தவறியது அது.

அன்புடன்,
வடசென்னையிலிருந்து உங்களில் ஒருவர்